கவலையை விடு என்று சொல்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "நான் டென்ஷன் ஆவதால்தான் தள்ளிப்போகிறதா டாக்டர்?" "கவலையை விடு, தானாகத் தங்கும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து, கவலைப்படுகிறோமே என்பதே பெரிய கவலை.

மன அழுத்தம் உடலைத் தொடாது என்றில்லை. அது கடுமையாகி, சாப்பாடும் குறைந்து உடல் மெலிந்தால், மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தூண்டுதல் குறைந்து, கருமுட்டை வெளிவருவதே நின்றுவிடலாம். அப்போது மாதவிடாயும் தாறுமாறாகும், உங்களுக்கே தெரிந்துவிடும். மாதம் தவறாமல் வருகிறவருக்கு அன்றாடக் கவலைதான் காரணம் என்று பழி போடுவது நியாயமே இல்லை. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், 3,500க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐ.வி.எஃப். போன்ற செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் பதற்றமாக இருந்தவர்களுக்கு அதனால் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

அழுத்தம் கெடுப்பது கணவன் மனைவி உறவை. கரு தங்க ஏற்ற நாளைக் கணக்கிடும் செல்போன் ஆப் "இன்று" என்று காட்டும். அவர் களைத்துப்போய் வந்திருப்பார். "இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான்" என்பாள் அவள். அந்த ஒரு நாளில் பார்த்து அவர் உடல் ஒத்துழைக்காது. வெட்கத்தில் அவர் பேசமாட்டார். தன்னைப் பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்துக்கொள்வாள். இப்படியே மாதங்கள் போகும்.

ஒரே நாளைக் குறிவைக்க வேண்டியதில்லை. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான் என்றாலும் விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை சேர்ந்திருந்தால் போதும், ஆப்பை மூடிவிடலாம். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்றுதான்.

ஓராண்டு முயன்றும் தங்கவில்லையா? டாக்டரைப் பாருங்கள். மனைவிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் 6 மாதத்திலேயே. ஆனால் இருவரும் சேர்ந்து வாருங்கள். கிட்டத்தட்ட பாதித் தம்பதிகளில் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூடக் கிடையாது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, மனைவிக்கு மட்டும் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சரி, ரிப்போர்ட் நன்றாக இல்லை என்றால்? இடிந்துபோக வேண்டாம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். சிகரெட்டை விட்டுவிட்டு, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

அப்புறம், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்கள். அவர் வீட்டாருக்கு அவரே பதில் சொல்லட்டும், இவள் வீட்டாருக்கு இவள். என்ன சொல்வது என்பதை இன்றிரவே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, அழுகை ஓயவில்லை என்றால் மனநல ஆலோசகரிடமும் சேர்ந்தே போங்கள்.