ஷட்டர் விழும்வரை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக என்னை அழைத்த தம்பி, "வாசிப்பின் பயன்கள்னு தலைப்பு வச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அறுபது வருஷமாகப் படிக்கிறேன். படித்ததால் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்ததுதான் கண்ட பலன். பயனைப் பற்றிப் பேச என்னைவிட நல்ல ஆள் கிடைப்பார்கள் என்றேன். "அப்ப உங்களுக்குத் தோணுறதைப் பேசுங்க" என்று விட்டுவிட்டார். அந்த தைரியத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் முதல் வாசகி அம்மா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். எங்கள் தெருவில் வாரப்பத்திரிகை வாங்கியது ஒரே ஒரு வீடு. அவர்கள் படித்து முடித்ததும் வீடு வீடாகச் சுற்றி, கடைசியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வரும். கடைசி வீடாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு, யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அம்மா தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பதமாகக் கிழித்து எடுத்து டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைப்பார். கதை முடிய இரண்டு வருஷம் ஆனாலும் சேர்ப்பார். முடிந்ததும் அப்பா கையில் கொடுத்து மன்னார்குடி பைண்டரிடம் அனுப்புவார்.

அந்த பைண்டர் கடையின் வாசனையை இப்போதும் நினைத்தால் மூக்கில் ஏறும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை செய்வார். முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்கு மேலே பூப்போட்ட காகிதம். ஒரு தொடர்கதை மூன்று பாகமாக, செங்கல் கனத்தில் வீடு வந்து சேரும். நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தச் செங்கற்களில்தான். கதைப் பக்கத்துக்குப் பின்பக்கம் வேறு என்னென்னவோ இருக்கும். கூந்தல் தைல விளம்பரம், பாதிச் சிரிப்புத் துணுக்கு, ரவா லட்டுக்குச் சர்க்கரை சேர்க்கும் இடம்வரை வந்து நின்றுபோன சமையல் குறிப்பு. குதிரையில் ஒருவன் பாய்ந்து போவான், பக்கத்தைத் திருப்பினால் தைலம். அதையும் சேர்த்துத்தான் படித்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அம்மா ரேழியில் தூணில் சாய்ந்து உட்காருவார். அப்பத்தா திண்ணையிலிருந்து குரல் கொடுக்கும். "ஏண்டி, எங்க இருக்கே?"

"இங்கதான் இருக்கேன் அத்தை."

"ஒடம்பு இருக்கு, தெரியுது. நீ எங்க இருக்கே?"

அம்மாவிடமிருந்து பதில் வராது. எட்டுப் பேருக்குச் சமைக்கிற வீடு. மாமியார், நாத்தனார், வருகிறவர், போகிறவர். கோவில் திருவிழாவுக்கும் சாவுக்கும் தவிர அம்மா ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. அந்த மத்தியான ஒரு மணி நேரம் அவர் எந்த ஊரில் இருந்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாலரைக்குப் பால் கறக்கத் திரும்பி வந்துவிடுவார். முகத்தில் வெயில் படாத ஒரு தெளிச்சி இருக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் புத்தக விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகம் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை என்பவரின் ஏற்பாடு. வண்டிக்குள் அலமாரி வைத்து, காளை பூட்டி, கிராமம் கிராமமாகப் புத்தகம் போனது. நெல் ஏற்றுகிற ஊரில் புத்தகம் ஏற்றின வண்டி வந்தால் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். அதே 1931-ல்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று வரிசையாகப் போகும். எல்லாம் எனக்குச் சம்மதம். நாலாவது விதியில்தான் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். வாசகரின் நேரத்தைச் சேமி என்கிறது அது. பெரியவர் தேடுகிற நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறார், புரிகிறது. ஆனால் நான் நூலகத்துக்குப் போனதே நேரத்தைத் தொலைக்கத்தான். ஒரு புத்தகத்தைத் தேடிப்போய், அதற்கு இரண்டு தட்டு கீழே இருக்கிற வேறொன்றைத் தரையில் சம்மணம் போட்டுப் படித்து, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வீடு திரும்பிய நாட்கள்தான் என் நல்ல நாட்கள்.

சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. நேயர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். வரி கட்டியாகிவிட்டது, வரி படிக்கப் போனால் என்ன?

நூலகம் மூடியிருக்கிற நேரத்துக்கு வாடகை நூல் நிலையம் இருந்தது. டெபாசிட் கட்டிவிட்டால் நாளுக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. அங்கே ஒரு வில்லன் இருந்தான். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. துப்பறியும் கதைகளில் மூன்றாம் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுவான், "கொலைகாரன் சித்தப்பா". அதற்குக் கீழே வேறொருவர் மையால் எழுதியிருப்பார், "நீ நல்லா இருப்பியா?" இன்னொரு புத்தகத்தில் அதே பென்சில் "டாக்டர்தான்" என்று சொன்னது. மனசை ஒடித்துக்கொண்டு படித்தால் கடைசியில் டாக்டர் இல்லை. அவன் பொய்யும் சொல்வான் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

1974-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. சின்ன ஊர். எண்ணைச் சுழற்றினால் மணி அடிக்கிற காலம் எங்கள் ஊருக்கு அப்போது வரவில்லை. யாராவது டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேலே ஒரு சின்ன ஷட்டர் பொத்தென்று விழும். "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு இணைத்துவிட வேண்டும். வெளியூருக்கு டிரங்க் கால் என்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. காசு ஏற ஏற வேகம் ஏறும், பெரும்பாலும். மூன்று நிமிஷம் ஆனதும் நாங்கள் நடுவில் புகுந்து, நீட்டிக்கவா என்று கேட்போம். எத்தனையோ அழுகைக்கு நடுவில் புகுந்து கேட்டிருக்கிறேன்.

இரவுப் பணி என்றால் பலருக்கு வேப்பங்காய். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஊர் அடங்கிவிடும். போர்டு ஊமையாக இருக்கும். மேசை டிராயரைப் பாதி இழுத்து, உள்ளே புத்தகத்தை விரித்து வைத்து, மடியில் தலையணை மாதிரி இடது கையை வைத்துக்கொண்டு படிப்பேன். பணி நேரத்தில் படிக்கக்கூடாது என்பது விதி. அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஷட்டருக்கும் அடுத்த ஷட்டருக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று தெரியாமல் படிப்பதில் ஒரு ருசி இருந்தது. பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் இருப்பேன், பொத்தென்று சத்தம், "நம்பர் ப்ளீஸ்". இணைத்துவிட்டு வந்து பார்த்தால் ஒட்டகம் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு நாள் ராத்திரி நெல் மண்டிக்காரர் ஒருவர் மெட்ராஸுக்கு ஆர்டினரி கால் போட்டுவிட்டுக் காத்திருந்தார். லைன் கிடைக்கவில்லை. என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர், திடீரென்று, "என்ன தம்பி, சரசரன்னு சத்தம் வருது, எலியா?" என்றார்.

"இல்லீங்க, புத்தகம்."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என்ன கதை?" என்றார். சொன்னேன். "சும்மாதானே உக்காந்திருக்கோம், படியேன் கேப்போம்" என்றார். நானும் படித்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில், நாலு பக்கம். அவர் ம், ம் என்று கொட்டுவது மட்டும் கேட்கும். லைன் கிடைத்ததும் அவருக்குக் கோபம், "இப்பத்தானா கெடைக்கணும்" என்று. மறுநாள் ராத்திரி அதே எண்ணின் ஷட்டர் விழுந்தது. நம்பர் ப்ளீஸ் என்றேன். "நம்பர் ஒண்ணும் வேணாம் தம்பி. அந்தப் பொண்ணு ஊருக்குப் போய்ச் சேந்துச்சா?" இன்றைக்கு மைக் முன்னால் உட்கார்ந்து முகம் தெரியாதவர்களோடு பேசும்போது அந்த ம், ம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988-ல் என் மனைவிக்குத் தஞ்சாவூரில் ஒரு ஆபரேஷன். உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, சுவரில் ஓடுகிற எறும்பை எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு பாக்கெட் நாவல் பைக்குள் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். என் மைத்துனர் பார்த்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாப்ளே, உள்ள எந்தங்கச்சி கெடக்குறா. நீங்க கொலைக்கதை படிக்கிறீங்களா?" என்றார்.

என்ன பதில் சொல்ல? அந்தக் கதையில் ஒரு பிணம் கிடந்தது, அது யாருடையது என்று ஒரு இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சம்பந்தமில்லாத பிணம். அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வரைக்கும் என் கால் நடுங்கவில்லை. ஒரே பத்தியை ஏழெட்டு முறை படித்திருப்பேன். தப்பி ஓடுகிறவன் என்று யாராவது சொன்னால், ஆமாம், ஓடினேன். அந்த வராந்தாவில் வேறு எங்கே போயிருக்க முடியும்? மைத்துனருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தை மூடி வைத்தேன். நான்கு நாள் கழித்து, சாய்ந்து உட்கார முடிந்ததும் மனைவி கேட்டாள், "அண்ணன் சொன்னாரு. அந்தக் கதை முடிஞ்சிடுச்சா? குடுங்க." இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் சுத்த மக்கு என்று தீர்ப்பும் சொன்னாள்.

தரமான புத்தகம், தரமில்லாத புத்தகம் என்று பெரியவர்கள் சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். நான் அந்தப் பஞ்சாயத்துக்குப் போவதில்லை.

அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவர் பைண்டு செய்த கதைகளில் ஒன்றில் ஓர் அத்தியாயம் கிடையாது. அந்த வாரப் பத்திரிகை எங்கள் முறைக்கு வரவே இல்லை, முந்தின வீட்டுக் குழந்தை கப்பல் செய்துவிட்டதாகக் கேள்வி. முந்தின அத்தியாயத்தில் கதாநாயகி ஓடத்தில் ஏறுவாள். அடுத்த அத்தியாயத்தில் அக்கரையில் ஒரு குடிசையில் கண் விழிப்பாள். நடுவில் ஆற்றில் என்ன நடந்தது? அம்மாவே சொல்வார். ராத்திரி எங்களுக்குச் சோறு உருட்டிப் போடும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி. ஒரு நாள் முதலை, ஒரு நாள் புயல், ஒரு நாள் ஓடக்காரன் யாரென்று பார்த்தால் அவளுடைய காணாமல்போன அண்ணன். ஆற்றில் என்னென்ன மீன், தண்ணீர் என்ன நிறம், நிலா எந்தப் பக்கம், எல்லாம் வரும். ஓடத்தில் ஏறியே அறியாதவர். கதையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்துவிடுவீர்கள்.

நானே தேடி எடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம். சென்னைப் புத்தகக் காட்சி, 1977-ல் தொடங்கியது, தொண்ணூறுகளில் மவுண்ட் ரோடு காயிதே மில்லத் கல்லூரி மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷம் பொங்கலுக்கு முன்னால் போயிருந்தபோது அந்தக் கதையின் முழுப் பதிப்பு கண்ணில் பட்டது. விட்டுப்போன அத்தியாயத்தோடு. பஸ்ஸில் வரும்போது அந்தப் பகுதியை மட்டும் நான் படிக்கவில்லை. அம்மாதான் முதலில் படிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அம்மாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் படித்தார். ஆறேழு பக்கம் இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்படிம்மா இருக்கு?"

"சும்மா தூங்கிட்டே போறாப்பா அவ. ஆத்தையே பாக்கல."

புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பால் கறக்க எழுந்து போனார்.

வணக்கம்.