லீவு போடும் பிள்ளையைத் தேடிப் போவோம்: வட சென்னையில் படிப்பும் வைத்தியமும்

[காட்சி: காலை நேரம். பள்ளி வாசலில் பிள்ளைகள். வகுப்பறை மேசையில் வருகைப் பதிவேடு.]

வணக்கம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று வட சென்னையில் எந்தப் பக்கத்துப் பள்ளியாக இருந்தாலும் சரி, ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். சில பெயர்களுக்கு நேரே மட்டும் அடிக்கடி ஆப்சென்ட் விழுந்திருக்கும். ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். "காய்ச்சல் மிஸ்." "ஆயாவுக்கு உடம்பு சரியில்ல மிஸ்." "தம்பியப் பாத்துக்க ஆளில்ல மிஸ்."

இந்த வீடியோவில் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். ஒரு வீட்டுக்குள் நோய் வந்துவிட்டது என்பது ஆஸ்பத்திரிக்குத் தெரிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் செய்தி பக்கத்துத் தெருவில் இருக்கிற சுகாதார மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இன்றைக்குப் பெரும்பாலும் அது வகுப்பறையோடு நின்றுவிடுகிறது.

[காட்சி: குறுகலான சந்து. வாசலில் நீல டிரம், பிளாஸ்டிக் குடங்கள்.]

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். விடிவதற்கு முன்பே ஏலத்துக்குப் போயாக வேண்டும். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சுகர். மூத்த பெண் எட்டாம் வகுப்பு. தம்பி இரண்டாவது படிக்கிறான். அவனுக்கு வீசிங்.

மார்கழி, தை மாதங்களில் இரவுக் காற்று குளிர்ந்து கீழேயே தங்கும். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைப் புகையும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் அதோடு சேர்ந்து தங்கிவிடும். அப்படி ஒரு ராத்திரியில் பையனுக்கு இழுப்பு வருகிறது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறான். அம்மா ஆட்டோ பிடித்துப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார். மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசர் வைக்கிறார்கள். மூச்சு சீராகிறது. கையிலிருந்த காசு தீர்கிறது. வீடு திரும்பும்போது ஏலத்துக்குப் போகும் நேரம் வந்துவிடுகிறது. வட்டிக்கு வாங்கிய பணத்தை அன்றைக்கே கட்ட வேண்டும் என்பதால் அம்மா கிளம்பிப் போகிறார். பையனைப் பார்த்துக்கொள்ள அக்கா லீவு போடுகிறாள்.

ஒரே இழுப்பில் இரண்டு வகுப்புகளில் ஆப்சென்ட். பத்து நாள் கழித்து மறுபடியும் இதேதான். அக்கா எட்டாவதில் கணக்கை விட்டுவிட்டால் ஒன்பதாவதில் அது தலைக்குமேல் போய்விடும். அப்புறம் "படிப்பு ஏறல, நிறுத்திட்டோம்" என்பார்கள். ஏறாமல் போனதன் காரணம் தம்பியின் நெஞ்சில் இருந்தது.

இங்கே கொஞ்சம் வைத்தியம் பேசியாக வேண்டும். அடிக்கடி வீசிங் வரும் பிள்ளைக்கு இரண்டு வகை இன்ஹேலர் உண்டு. ஒன்று, இழுப்பு வந்தவுடன் மூச்சுக்குழாயை விரித்துவிடும். இன்னொன்று, இழுப்பே வராமல் தடுப்பதற்கு டாக்டர் சொன்னபடி தினமும் எடுக்க வேண்டியது. நம் தெருக்களில் முதல் வகைக்காகவும் நெபுலைசருக்காகவும் ஓடுகிறோம். இரண்டாவதைத் தொடுவதற்குப் பயப்படுகிறோம். "இன்ஹேலர் பழகிடும், அப்புறம் அது இல்லாம இருக்க முடியாது" என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள். அது உண்மை இல்லை. இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் அளவு மருந்து, நேராக நுரையீரலுக்குப் போகிறது. வாய்வழி சாப்பிடும் மாத்திரையிலும் சிரப்பிலும் மருந்து மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கச் சுற்றி வருகிறது. சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலை மாட்டிக் கொடுத்தால் போதும், நிதானமாக மூச்சை இழுத்துக்கொள்வான். தடுப்பு மருந்து எடுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கான இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று வகுப்பு மிஸ்ஸுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது?

[காட்சி: தோளில் மருந்துப் பையுடன் ஒரு பெண் கதவைத் தட்டுகிறார்.]

அவரைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆயாவுக்கு மாத்திரை கொடுக்க வரும் அந்த அக்கா, பள்ளி நேரத்தில் பையன் சுருண்டு படுத்திருப்பதையும் பெரிய பெண் சோறு வடிப்பதையும் கண்ணால் பார்க்கிறார். ஆனால் அவர் கையிலிருக்கும் நோட்டில் ஆயாவின் பெயர் மட்டும்தான். மிஸ்ஸிடம் இருக்கும் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் மட்டும்தான். வருகைக் கணக்கை மிஸ் தினமும் செயலியில் ஏற்றுகிறார், அது கல்வித் துறைக்குப் போகிறது. மாத்திரைக் கணக்கு சுகாதாரத் துறைக்குப் போகிறது. ஒரே வீட்டைப் பற்றித் தெரிந்த இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் நடக்கிறார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்படி செய்வதுதான் முதல் வேலை. இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

வீடு தேடிப் போகும் வைத்தியத்தின் பலத்தை உலகத்துக்குக் காட்டியதே இந்த ஊர்தான். 1950-களில் டி.பி. வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் சரியான வைத்தியம் என்று நம்பினார்கள். சென்னையில் 1956-ல் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையம் அதைச் சோதித்துப் பார்த்தது. நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து, இன்னொரு பகுதியினருக்கு சானடோரியம். 1959-ல் முடிவு வெளியானது: ஒழுங்காக மருந்து எடுத்தால் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் இல்லை. அதன் பிறகுதான் டி.பி. வைத்தியத்தின் போக்கே மாறியது. எளிய மனிதர்கள் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சோதனையை ஞாபகப்படுத்த வேண்டும். வீடு தேடி விசாரிக்க ஆள் இருந்தால் சாப்பிடுவார்கள்.

[காட்சி: ஸ்டான்லி மருத்துவமனை நுழைவாயில்.]

சோறு, வைத்தியம், படிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் வட சென்னைக்கு முன்பு இருந்ததில்லை. பெரியவர்கள் ஸ்டான்லியைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1920-ல் மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவுக்கு வழி செய்தவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில்தான் பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி இருக்கிறது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று அன்றைக்கே புரிந்திருந்தது. மூச்சுத் திணறும் பிள்ளைக்கும் ஏறாது.

இப்போது இருக்கும் ஓட்டைகளைப் பார்ப்போம். பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறையும் அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். கண், பல், காது, இதயம், ரத்தசோகை எல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள் போகும். பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். அம்மா பார்த்தாலும், காலை ஓபி-யில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால் "அடுத்த வாரம் போலாம்" என்று தள்ளிப்போகும். கண்ணாடி போட்டால் தீரும் பிரச்சினைக்காகப் பிள்ளை 'மக்கு' என்ற பெயரோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருப்பது இதற்காகத்தான். சீட்டு கொடுக்கும்போதே "இந்த மையத்துக்குச் சாயங்காலம் வாங்க" என்று சொல்லி அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

அங்கன்வாடியில் ஒரு சின்ன நாடா இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேல்கையைச் சுற்றி அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குமேல் என்றால் பச்சை. 11.5-க்குக் கீழே என்றால் சிவப்பு, உடனே டாக்டரிடம் போக வேண்டும். நடுவில் மஞ்சள். உங்கள் குழந்தைக்கு என்ன நிறம் என்று டீச்சரிடம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

[காட்சி: எண்ணூர் கடற்கரை, தொலைவில் புகைபோக்கிகள்.]

ஒன்றை மறைக்கக் கூடாது. இன்ஹேலர் கொடுத்துவிட்டால் புகைபோக்கிக்கு விடுதலை கிடைத்துவிடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, ஜனங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். எந்தெந்த வாரத்தில் எத்தனை பிள்ளைகள் இருமலோடு லீவு போட்டார்கள் என்று பள்ளிகள் எழுதி வைத்திருந்தால், காற்றைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது அதையும் மேசைமேல் வைக்கலாம்.

இதையெல்லாம் எங்கே ஆரம்பிப்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து மையத்து நர்ஸையும், மாத்திரை கொண்டுவரும் அக்காவையும், அங்கன்வாடி டீச்சரையும் கூப்பிடச் சொல்லுங்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். பிள்ளையின் நோய் விவரத்தைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச வேண்டாம். போகிறவருக்குத் தெரிந்தால் போதும். மருத்துவ ஆலோசனைக்கு 104, பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417. பிள்ளைக்கு மூச்சு இழுத்து, பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.