மறைத்துத் தருவதற்கு 150 ரூபாயா?

வணக்கம் தோழிகளே. இன்று மாடித் தோட்டம் கிடையாது, கோபமாக இருக்கிறேன். உறவின்போது வரும் வலிக்காக வாங்கப்போவதாகப் போன வீடியோவில் சொன்ன டைலேட்டர் செட், அதாவது பிறப்புறுப்புக்குள் வைத்துப் பழகும் உருளைகள், வந்துவிட்டது. இதோ பாருங்கள், ஐந்து அளவுகள், சுண்டுவிரல் பருமனில் தொடங்குகிறது. விலை 3,800 ரூபாய். மருத்துவ சிலிகோன் என்பதால் மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்தேன். பில்லின் கடைசி வரிதான் எரிச்சல்: 'ரகசிய பேக்கிங்' 150 ரூபாய்! முழங்கால் பட்டை வாங்கினால் இப்படிக் கேட்பார்களா? வேண்டாம் என்று சொல்ல, வாங்கிய இணையதளத்தில் வழியே இல்லை. அவர்களுக்குப் போன் செய்தேன். "பெண்கள் இதைத்தான் விரும்புவார்கள் மேடம்" என்கிறார் போனை எடுத்தவர். நான் விரும்பவில்லை என்று விடாமல் வாதாடினேன். 150 ரூபாயும் திரும்ப வந்துவிட்டது, எனக்கு அது பெரிய வெற்றி!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கு இருப்பது வஜைனிஸ்மஸ். உறவின்போது பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். கண்ணருகே கை வந்தால் இமை மூடுவதுபோல. கணவரைப் பிடிக்கவில்லை என்றெல்லாம் அதற்குப் பொருள் இல்லை. பாதையை அகலப்படுத்தத்தான் டைலேட்டர் என்று பலர் எழுதியிருந்தீர்கள். இல்லை. வலியில்லாமலும் ஒன்று உள்ளே வரலாம் என்று தசையைப் பழக்குவதுதான் இதன் வேலை. வழுவழுப்புக்கான ஜெல்லி தடவி, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி வைக்க வேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஓர் அளவு முழுக்கச் சுலபமான பிறகுதான் அடுத்தது.

முதலில் சொல்லியிருக்க வேண்டியது: பரிசோதனை செய்துகொள்ளாமல் இதை வாங்காதீர்கள். நுழையும்போதே எரிகிறதென்றால் வறட்சியாகவோ, தொற்றாகவோ, பிரசவத் தையலின் தழும்பாகவோ இருக்கலாம். அடிவயிற்றில் ஆழமாக வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), சினைப்பைக் கட்டி, இடுப்புக்குழித் தொற்று என்று பார்க்க வேண்டியவை வேறு. பால் கொடுக்கும் தாய்மாருக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் வறண்டுபோகும். மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

"ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு மருத்துவரே என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். குழந்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தால் உடம்பு அடுத்த முறை இன்னும் முன்னதாகவே வலியை எதிர்பார்த்து இறுகும். கணவன்மார்களே, அவள் போதும் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

இடுப்புத்தளத் தசையை இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சி செய்யச் சொல்லிக் கமெண்ட் போடுகிறவர்களும் கேளுங்கள். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடலாம். தளர்த்தக் கற்றுத்தரும் இடுப்புத்தள பிசியோதெரபிஸ்டைத் தேடுங்கள். என்னை முன்னேற்றியது அதுதான்.

ஜெல்லி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதையே வாங்குங்கள். சிலிகோன் ஜெல்லி சிலிகோன் டைலேட்டரைக் கெடுத்துவிடக்கூடும். தேங்காய் எண்ணெய் எனக்கு மிகவும் பிடிக்கும், தலைக்கு மட்டும்! லேடெக்ஸ் (ரப்பர்) ஆணுறையோடு சேர்ந்தால் ஆணுறை கிழியக்கூடும்.

இன்னொன்று, உறவுக்குப் பின் ரத்தம் வருகிறவர்கள் என் அடுத்த வீடியோவுக்காகக் காத்திருக்காதீர்கள். கருப்பை வாயைப் பார்க்க வேண்டும், இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.