காலி உறையால் சிறைக்குப் போனவர், கொடியில் ஏறிய நட்சத்திரம்

ஓர் அஞ்சல் உறை. உள்ளே ஒன்றுமே இல்லை. அதை முக்கியச் சான்றாக வைத்து 1923இல் அமெரிக்க நீதிமன்றம் ஒருவருக்கு ஐந்தாண்டு சிறை விதித்தது. ஏன்?

வணக்கம். இன்று பான் ஆப்பிரிக்க இயக்கம். ஆப்பிரிக்காவில் வாழ்கிறவர்களும், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்து கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வாழ்கிறவர்களும் ஒரே மக்கள். அவர்களுக்கு விடிவும் சேர்ந்தேதான் வரும் என்பது இதன் சாரம். 1900இல் டிரினிடாட்காரரான ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் லண்டனில் முதல் மாநாட்டைக் கூட்டினார். பிறகு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் பல மாநாடுகள் நடத்தினார். தீர்மானங்களை வாசித்தால் நீங்கள் வேறு வீடியோவுக்கு ஓடிவிடுவீர்கள். நேராகக் கப்பலுக்கு வருகிறேன்.

ஜமைக்காவில் பிறந்த மார்க்கஸ் கார்வி, கடல் பிரித்த இந்த மக்களை இணைக்க 1919இல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்ற கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று ஐந்து டாலர். ஏழைத் தொழிலாளர்கள் கையிருப்பைக் கொட்டி வாங்கினார்கள். முதல் கப்பல் யார்மவுத்: போர்க்காலத்தில் நிலக்கரி சுமந்து தேய்ந்த கிழம். 1,65,000 டாலருக்கு அதைக் கார்வியின் தலையில் கட்டிவிட்டார்கள்!

1920 ஜனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலாகும் நேரம். நியூயார்க்கிலிருந்து விஸ்கியை ஏற்றிக்கொண்டு யார்மவுத் கியூபாவுக்கு அவசரமாகக் கிளம்பியது. கரையைத் தாண்டியதுமே ஆட்டம் கண்டது. சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் வீசினார்கள். பொறுக்கச் சிறுபடகுகள் மொய்த்தன. பிறகு ஒரு பயணத்தில் தேங்காய். நியூயார்க்கில் இறக்க வேண்டிய சரக்கு. பிலடெல்பியா, பாஸ்டன் மக்களுக்கும் கப்பலைக் காட்டினால் பங்கு விற்குமே என்று கார்வி திருப்பிவிட்டார். ஊர் சுற்றி வருவதற்குள் தேங்காய் அழுகிவிட்டது. தேங்காய் அழுகுமளவுக்கு ஊர்வலம் போன கப்பலை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சிரித்தாயிற்றா? அதே கப்பல் கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குள் நுழைந்தபோது கறுப்பின மக்கள் படகுகளில் எதிர்கொண்டு வந்து பூவும் பழமும் எறிந்தார்கள். தங்களவர்களுக்கே சொந்தமான கப்பலை, கறுப்பினக் கேப்டன் ஓட்டிவருவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. ஐந்து டாலருக்கு விற்றது இதைத்தான்.

இப்போது அந்த உறை. கம்பெனி வாங்காத கப்பலின் படத்தைத் தபாலில் அனுப்பிப் பங்கு விற்றதாகக் கார்வி மீது வழக்கு. உறையில் கம்பெனி முத்திரை இருந்தது. உள்ளே என்ன வந்தது என்பது பெற்றவருக்கே நினைவில்லை! என்னைக் கேட்டால், கார்வி கணக்குத் தெரியாதவர், திருடர் அல்லர். மறுக்கிறவர்கள் கருத்துப்பெட்டிக்கு வாருங்கள்.

1927இல் தண்டனையைக் குறைத்து நாடு கடத்தினார்கள். 1940இல் லண்டனில் இறக்கும்வரை அவர் ஆப்பிரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை.

1957இல் கானா விடுதலை பெற்றது. கார்வியின் எழுத்தில் ஊறிய குவாமே நிக்ருமாதான் தலைவர். கொடியின் நடுவில் கறுப்பு நட்சத்திரம். அந்த அரசு தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயர்? பிளாக் ஸ்டார் லைன்! தேங்காயை மட்டும் ஊர் சுற்றவிடவில்லை என்று நம்புவோம்.