ஒரு பக்கம் மட்டும் மிஞ்சிய விடுதி

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே பரோ ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு முற்றத்துக்குள் நுழைந்தால் 'ஜார்ஜ் இன்' கண்ணில் படும். ஒரு காலத்தில் குதிரைவண்டிப் பயணிகள் இரவு தங்கிய இடம், இப்போது பப். 1676இல் சதர்க்கில் பெரிய தீ, அதில் பழைய விடுதி எரிந்துபோக, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டினார்கள்.

படத்தில் பார்த்தால் நீளமான கட்டடம், மேலே இரண்டு அடுக்காக மரத் தாழ்வாரம். அதுதான் முகப்பு என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அது ஒரு முற்றத்தின் தெற்குப் பக்கம் மட்டுமே, மற்ற பக்கங்கள் போய்விட்டன.

முழுசாக இருந்தபோது தெருவிலிருந்து வண்டி நேராக உள்ளே வந்து முற்றத்தில் நிற்கும், குதிரைகள் லாயத்துக்குப் போகும், ஆட்கள் படியேறித் தாழ்வாரம் வழியாக அவரவர் அறைக்குப் போவார்கள். நம்மூர் முற்றத்து வீட்டை இரண்டு மாடி உயர்த்தினது போல வைத்துக்கொள்ளுங்களேன். நடைபாதையே வெளியில் இருப்பதால் கட்டடத்தின் அகலம் முழுக்க அறைகளுக்கே மிச்சம். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் ஜனவரி ராத்திரியில் அறைக்கு வெளியே கால் வைக்க வேண்டியவர் பாடு என்ன ஆகியிருக்கும்!

சரி, இதெல்லாம் ஏன் இந்தத் தெருவில்? 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை லண்டன் நகரத்துக்குள் ஆற்றின் மேல் இருந்த பாலம் லண்டன் பாலம் ஒன்றுதான். கென்ட், கான்டர்பரி, டோவர் பக்கம் போகிற வருகிற வண்டியெல்லாம் இந்தத் தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அதனால் விடுதிகள் வரிசையாக முளைத்தன, தெருவில் குறுகலான வாசல், பின்னால் நீண்டு போகும் முற்றம் என்ற அமைப்பில்.

அப்புறம் ரயில் வந்தது, வண்டிகள் நின்றன. கிரேட் நார்தர்ன் ரயில்வே இந்த இடத்தைச் சரக்குக் கிடங்காக்கி, 1889இல் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. ஆட்கள் தங்குவதற்கு அறையும் தாழ்வாரமும் வேண்டாம், மூட்டை அடுக்க இடம் போதும் அவர்களுக்கு. என்னைக் கேட்டால் தெற்குப் பக்கமாவது தப்பியதே அதிர்ஷ்டம். லண்டனில் இப்படித் தாழ்வாரம் வைத்த வண்டி விடுதி வேறு மிஞ்சவில்லை. 1937இலிருந்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது.

முற்றம் முழுசாகப் பார்க்க ஆசையா? லண்டனை விட்டு இங்கிலாந்தின் இன்னொரு ஊரான குளோஸ்டருக்குப் போக வேண்டும். அங்கே 'நியூ இன்', பெயர்தான் புதுசு, 1450 வாக்கில் மடத்துத் துறவிகள் யாத்ரீகர்களுக்காகக் கட்டியது, மரச் சட்டக் கட்டடம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இன்னும் அப்படியே ஓடுகிறது.