பிரிண்டர் சேர்க்கும்போது வரும் அந்த ஒரு வரி

[திரையில்: டெர்மினல். எல்பிஅட்மின் கட்டளை ஓடி முடிகிறது.]

வணக்கம். மூணாறு, பீர்மேடு, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் லேபைப் பார்த்துக்கொள்ளும் சார், டீச்சர்களுக்காக இந்த வீடியோ. கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸில் பிரிண்டரை டெர்மினலில் எல்பிஅட்மின் என்ற கட்டளை வழியாகச் சேர்த்தால், கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பிரிண்டர் டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன, லினக்ஸில் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸின் அடுத்து வரும் ஒரு பதிப்பில் வேலை செய்யாது என்பது அதன் பொருள். ஆனால் பேப்பர் ஒழுங்காக வந்துவிடுகிறது. அப்புறம் யார் அதைப் படிக்கிறார்கள்?

அது எரர் இல்லை, எச்சரிக்கைதான். பிரிண்டர் சேர்ந்துவிடும், இன்றைக்கு ஒன்றும் ஆகாது. கப்ஸ் 2 வரிசை இருக்கும்வரை பழைய டிரைவர்கள் ஓடும். கப்ஸ் 3-இல், பிரிண்டரின் விவரங்களைச் சொல்லும் பிபிடி கோப்புகளுக்கே, அதாவது இந்த டிரைவர்களுக்கே, இடமில்லை. அதாவது ஒருநாள் சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகு, ஆபீஸ் ரூமில் இருக்கும் பழைய லேசர் திடீரென்று ஊமையாகும். அது டிசி அடிக்கும் நாளாக இருந்தால் எச்.எம். முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

[திரையில்: பிபிடி கோப்பு. நிக்நேம் வரி மஞ்சளில்.]

சரி, இப்போதே என்ன பார்க்கலாம்? எல்பிஸ்டாட் மைனஸ் வி அடித்தால் எந்த பிரிண்டர் எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரியும். பிறகு இடிசி, கப்ஸ், பிபிடி என்ற ஃபோல்டருக்குள் போய் ஒவ்வொரு கோப்பிலும் நிக்நேம் வரியைப் பாருங்கள். 'ஐபிபி எவ்ரிவேர்' அல்லது 'டிரைவர்லெஸ்' என்றிருந்தால், அது கம்பெனி டிரைவர் இல்லாமலே ஓடும் முறை, கவலை வேண்டாம். கம்பெனி டிரைவரின் பெயர் இருந்தால் அதைக் குறித்து வையுங்கள். நெட்வொர்க்கில் இருக்கும் புதிய பிரிண்டர் என்றால், எல்பிஅட்மினில் மைனஸ் எம்-க்குப் பின்னால் டிரைவர் பெயருக்குப் பதிலாக எவ்ரிவேர் என்று கொடுத்துச் சேர்த்துப் பாருங்கள். அந்த எச்சரிக்கையே வராது. யூஎஸ்பி பிரிண்டர் என்றால் ஐபிபி யூஎஸ்பி என்ற சேவை உதவும், யூஎஸ்பி வழியாகவும் டிரைவர் இல்லாமல் ஓடும் வசதி பிரிண்டருக்கு இருந்தால்.

எவ்ரிவேருக்கு மசியாத பழைய மெஷின்களுக்கு 'பிரிண்டர் அப்ளிகேஷன்' என்ற வழி உண்டு. பழைய டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே புது பிரிண்டர் மாதிரி காட்டும் தனி நிரல் அது. எல்லா மாடலுக்கும் கிடைக்காது. பரீட்சை நேரத்தில் இதையெல்லாம் தொடாதீர்கள், லீவில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் சோதித்துப் பாருங்கள்.

புதிதாக வாங்கக் கொட்டேஷன் கேட்கும்போது, "லினக்ஸ் டிரைவர் சிடி உண்டா" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் உண்டா" என்று எழுதிக் கேளுங்கள், இரண்டுமே டிரைவர் இல்லாமல் பிரிண்ட் எடுக்கும் முறைகள்.