வீடு எழும்பிவிட்டது, ஏட்டில் இன்னும் காலி மனை

நேயர்களுக்கு வணக்கம். மனை வாங்கி வீடு கட்டியவர்கள் அதற்கப்புறம் ஆவணங்களில் என்னென்ன மாற்ற வேண்டும், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றாலும் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரர் மெதுவாக ஆரம்பிப்பார்: "சார், வீடு கட்டியாச்சு, பத்திரத்தை மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பாதிப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் வீணாகப் பணம் கொடுக்கிறார்கள். கிரயப் பத்திரம் என்பது அன்றைக்கு நீங்கள் எதை வாங்கினீர்களோ அதைச் சொல்வது. வாங்கியது காலி மனை என்றால் அதில் காலி மனை என்றுதான் இருக்கும், இருக்கட்டும். உங்கள் மனையில் உங்கள் காசில் நீங்களே ஒரு வீடு கட்டினால் அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தில் எங்கும் இல்லை, சொத்து யாரிடமிருந்தும் யாருக்கும் கை மாறவில்லையே! வீட்டையும் சேர்த்துப் புதுசாக ஒரு பத்திரம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் அந்த வீடு எந்த ஏட்டில்தான் ஏறும்? நம் தமிழ்நாட்டில் அது ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் சிக்கலே. பத்திரமும் வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையிடம். பட்டாவும் புல வரைபடமும் வருவாய்த் துறையிடமும் நில அளவைத் துறையிடமும். வீட்டு வரி ஊராட்சியிலோ நகராட்சியிலோ மாநகராட்சியிலோ. கரண்ட் மின்வாரியத்தில். ஒரு அலுவலகத்தில் நடந்தது இன்னொன்றுக்குத் தானாகத் தெரியும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இப்போது கணினி வந்து கொஞ்சம் பேசிக்கொள்கிறார்கள், முழுசாக இல்லை.

பட்டாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டை வருவதெல்லாம் அங்கேதான். கிராமப் பட்டா ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். புல எண் (சர்வே எண் என்பதும் இதுதான்), அதைப் பிரித்துக் கொடுத்த உட்பிரிவு எண், புன்செய், நன்செய், மற்றவை என்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே பரப்பும் தீர்வையும். வீடு என்று ஒரு கட்டம் கிடையாது. நீங்கள் மூன்று மாடி கட்டினாலும் புன்செய் பட்டாவில் அது புன்செய்தான். ஆகையால் பட்டாவில் வீட்டை ஏற்றுவது என்ற வேலையே இல்லை. அந்த வீடு நிற்கிற மண் உங்கள் பேரில், உங்கள் அளவில், தனி உட்பிரிவாக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பல பேருக்கு இருக்காது.

எப்படி இல்லாமல் போகும் என்றால், ஒரு விவசாயியின் 2 ஏக்கரை வாங்கி மனையாகப் பிரித்து விற்கிறார்கள், ஆளாளுக்குப் பத்திரம் ஆகிவிடுகிறது, ஆனால் பட்டா அந்த விவசாயியின் பேரிலேயே நிற்கும், அல்லது பத்திருபது பேர் பெயரோடு கூட்டுப் பட்டாவாக மாறியிருக்கும். ஒரு உட்பிரிவு எண்ணை முழுசாக வாங்கினால் இப்போதெல்லாம் பதிவு முடிந்ததும் பட்டா தானாக மாறுகிற வசதி வந்துவிட்டது, விற்றவர் பேரில் பட்டா சரியாக இருந்தால். அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர்களுக்கு அப்படி நடக்காது. சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும், புல வரைபடத்தில் கோடு போட வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் உத்தரவாக வேண்டும். உட்பிரிவுக் கட்டணத்தைப் பதிவின்போதே கட்டியிருப்பீர்கள், அதோடு காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். பணம் கட்டியது மனுதான், உத்தரவு அல்ல. தமிழ்நிலம் தளத்தில் உங்கள் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள், யார் பெயர் வருகிறது என்று தெரிந்துவிடும்.

பரப்பைப் படிக்கத் தெரியாமல் ஏமாறுகிறவர்களும் உண்டு. பத்திரத்தில் 2400 சதுர அடி என்று இருக்கும், பட்டாவில் 0-02.23 என்று இருக்கும். 0 ஹெக்டேர், 2.23 ஏர்ஸ். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அப்படியானால் 223 சதுர மீட்டர், அதுதான் உங்கள் ஒரு கிரவுண்ட். இதுவே 0-02.05 என்று வந்திருந்தால் கிட்டத்தட்ட 2206 சதுர அடிதான் உங்களுக்குப் பட்டாவில் இருக்கிறது, அரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எங்கோ போயிருக்கிறது. பக்கத்து மனைக்காரருக்குப் போயிருக்கலாம், பாதைக்குப் போயிருக்கலாம், பத்திரம் எழுதும்போதே கூட்டி எழுதியிருக்கலாம். மனை காலியாக இருக்கும்போது இது தெரிந்தால் கல்லை நகர்த்தி நடலாம். சுற்றுச்சுவர் எழுப்பி, கேட் மாட்டி, அதில் பெயர்ப்பலகையும் வைத்த பிறகு தெரிந்தால் யார் சுவரை இடிப்பது? அதனால் கடைக்கால் தோண்டுவதற்கு முன்னாலேயே அளந்து உட்பிரிவு வாங்கிவிடுவதுதான் உத்தமம். ஏற்கெனவே கட்டியிருந்தாலும் மனு போடலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை, சர்வேயர் சுவரைச் சுற்றிச் சங்கிலி பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உட்பிரிவு ஆனதும் உங்கள் எண் மாறிவிடும். பத்திரத்தில் 118/2 என்று இருந்தது பட்டாவில் 118/2ஏ1 ஆகியிருக்கும். பயப்பட வேண்டாம், இதற்காகப் பிழைதிருத்தல் பத்திரம் எதுவும் தேவையில்லை. நாளைக்கு நீங்கள் விற்கும்போதோ பிள்ளைகளுக்கு எழுதும்போதோ சொத்து விவரத்தில் "118/2, புதிய உட்பிரிவுப்படி 118/2ஏ1" என்று இரண்டையும் எழுதச் சொன்னால் போதும். பிழைதிருத்தல் எப்போது வேண்டும் என்றால், பத்திரத்திலேயே சர்வே எண் தப்பாக விழுந்திருந்தாலோ நான்கெல்லை மாறிப் போயிருந்தாலோதான்.

பழைய சிக்கல் ஒன்றும் உண்டு. 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது, யூ.டி.ஆர். என்று சொன்னால்தான் பல பேருக்குப் புரியும். அதில் ஊர் ஊராகப் பட்டாவைச் சரிபார்த்துப் புதுப்பித்தார்கள், நல்ல காரியம், ஆனால் அப்போது விழுந்த தப்புகள் இன்றைக்கும் வால் பிடித்து வருகின்றன. தாத்தா பெயர் விட்டுப்போய்ப் பக்கத்துக்காரர் பெயர் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தை வாங்கி வீடு கட்டியிருந்தால் சும்மா பெயர் மாற்ற மனு போட்டால் தள்ளிவிடுவார்கள். அ-பதிவேடு, அதாவது எந்தப் புல எண் யார் பேரில் என்று காட்டும் கிராமக் கணக்கு, அதன் நகலையும் பழைய பத்திரங்களையும் சேர்த்து யூ.டி.ஆர். திருத்தம் என்றே கேட்க வேண்டும்.

நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு மண்ணில் கட்டியவர்களுக்கு நத்தம் பட்டா, அதில் தற்காலிகமான தோராயப் பட்டா மட்டும் கையில் இருந்தால் அது முடிவான தூய பட்டா ஆகிவிட்டதா என்று பாருங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டாவோடு நகர நில அளவைப் பதிவேடு, அதில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) எல்லாம் வரும். பரப்பும் சதுர மீட்டரிலேயே இருக்கும்.

சரி, வரிக்கு வருவோம். வீடு கட்டியது அரசு ஏட்டில் வீடாக ஏறுகிற முதல் இடம் உள்ளாட்சிதான். கட்டட அனுமதி வாங்கிக் கட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். 2024 ஜூலையிலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுகிறவர்கள் சுயசான்று முறையில் உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம், கட்டி முடித்ததற்கான சான்றிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு. இந்த விலக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். முடிவதில்லை. காலி மனை வரி எண்ணை வீட்டு வரியாக மாற்றச் சொல்லி நீங்கள்தான் போக வேண்டும். சிலர் புது எண் வாங்கிவிட்டுப் பழையதை ரத்து செய்ய மறந்துவிடுவார்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும், காலி மனை எண்ணில் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

அளவைக் குறைத்துக் காட்டுகிற புத்திசாலித்தனம் வேண்டாம். கீழே மட்டும் காட்டி மாடியை மறைத்தால் அரையாண்டுக்குக் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் விற்கிற நாளில் வாங்குகிறவரின் வங்கி அனுமதி வரைபடத்தையும் வரி ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மாடிக்கு மதிப்பே போடாது. அந்த நஷ்டம் எத்தனை அரையாண்டு வரி? நேர்மையாகக் கட்டுகிறவருக்கு நகரங்களில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் செலுத்தினால் 5 சதவீதம், 5000 ரூபாய்க்கு மிகாமல் ஊக்கத்தொகை இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயம் சின்னது. கட்டுமானத்துக்கு எடுத்த தற்காலிக இணைப்பு வீட்டு விகிதத்துக்கு மாறினதா என்று அட்டையில் பாருங்கள். குடிபோய் ஆறு மாதம் ஆன பிறகும் கட்டுமான விகிதத்தில் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், 100 யூனிட் இலவசமும் அவர்களுக்கு வராது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அப்பா மனையில் மகன் வீடு கட்டுவது. நம் ஊரில் இது தினப்படி நடக்கிறது. மகன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புகிறான், அப்பா கூடவே நின்று கட்டுகிறார், வீட்டு வரி மகன் பெயரில், கரண்ட் மகன் பெயரில், கிரகப்பிரவேசப் பத்திரிகையிலும் மகன் பெயர். பத்திரமும் பட்டாவும் அப்பா பெயரில். எல்லோருக்கும் அது மகன் வீடு என்று தெரியும். அப்பா காலமாகிறார். உயில் இல்லை. இந்துவாக இருந்து சுயசம்பாத்தியச் சொத்தாகவும் இருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு, அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மண்ணுக்குத்தானே பங்கு, வீடு நான் கட்டியது என்று மகன் சொல்வான். ரசீது எங்கே என்று கேட்பார்கள். செங்கல் சூளைக்காரர் பத்து வருடத்துக்கு முன்னால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததைத் தேட முடியுமா? வீட்டு வரி ரசீது இருக்கிறதே என்பான். வரி ரசீது வரி கட்டியதற்குத்தான் சாட்சி, உரிமைக்கு இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. தங்கச்சி கெட்டவள் இல்லை, மாப்பிள்ளையும் கெட்டவர் இல்லை, ஏடு அப்படி இருக்கிறது.

இதற்கு வழி கட்டுவதற்கு முன்னாலேயே இருக்கிறது. மனையை அப்பா மகனுக்குச் செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் கொடுக்கிற பத்திரம், எழுதலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வெறும் மனையாக இருக்கும்போது மதிப்பும் குறைவு. அப்பாவுக்குப் பயம் இருக்கும், நியாயமான பயம்தான், எழுதிக் கொடுத்த பிறகு வெளியே போகச் சொன்னால்? அதனால் பெற்றோர் இருவரும் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், மகன் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து. மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் வருடச் சட்டத்தில் அந்த நிபந்தனைக்கு மதிப்பு இருக்கிறது. அக்கா தங்கைகளுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள், அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று அன்றைக்கே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு ஏற்கெனவே எழும்பிவிட்டது என்றாலும் எழுதலாம், சொத்து விவரத்தில் கட்டடத்தையும் கதவு எண், வரி எண், மின் இணைப்பு எண்ணோடு காட்ட வேண்டும். காலி மனை என்று மட்டும் எழுதிக் குறைவாகக் கட்டலாம் என்று நினைக்காதீர்கள், இப்போது சொத்தின் படத்தை எடுத்த இடத்தின் குறிப்போடு இணைக்கச் சொல்கிறார்கள், பின்னால் கள ஆய்வுக்கும் வருவார்கள்.

கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்தது வில்லங்கத்தில் ஏறியிருக்கும். கடைசித் தவணை கட்டி மூலப் பத்திரத்தை வாங்கி வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள், கடன் தீர்ந்த ரசீதையும் பதிய வேண்டும். அதுவரை வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர் கண்ணுக்கு வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது.

பட்டா மனு தள்ளுபடியானால் அதே மனுவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், அதே பதில்தான் வரும். 1983-ஆம் வருடப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவுக்கு மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உத்தரவு நகலைக் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள், "ஏற்கப்படவில்லை" என்று கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு கோட்டாட்சியர் முன்னால் நிற்க முடியாது. உரிமை யாருக்கு என்பதிலேயே தகராறு என்றால் வருவாய்த் துறை அதைத் தீர்க்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.